இன்னும் இலையில்தான்

மழைக்கு முன்னால் தீனி சேர்த்தாக வேண்டும் என்று எறும்புகள் புற்று வாசலில் வரிசை கட்டி நின்றன. வாசல் காத்த கட்டெறும்பு ஒவ்வொரு தானியத்துக்கும் கதவுக்கல்லைத் தள்ளித் திறக்கும். உள்ளே போய்க் கம்பைக் கம்போடும் தினையைத் தினையோடும் வைக்கும். திரும்பி வந்து கல்லை மூடிய பிறகுதான் "சேர்ந்தாச்சு" என்று சொல்லும். அதைக் கேட்டால்தான் கொண்டுவந்த எறும்பு அடுத்த நடைக்குக் கிளம்பும்.

வரிசை வேலிவரை நீண்டுவிட்டது. வேலியில் இருந்த ஓணானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, ஒத்தைத் தினைக்கு ஒரு தடவையா கதவைத் திறப்பீங்க? இந்தப் பூவரச இலையில போடச் சொல்லுங்க. நிறைஞ்சதும் மொத்தமா உள்ளே கொண்டுபோகலாமே?"

கட்டெறும்பு அப்படியே செய்தது. தானியம் இலையில் விழுந்ததுமே "சேர்ந்தாச்சு" என்றது. வரிசை கரைந்தது.

மதியம் காற்று வந்து இலையைத் தானியத்தோடு தூக்கிக்கொண்டு போனது.

"சேர்ந்தாச்சுன்னு சொன்னீங்களே!" என்று எறும்புகள் சூழ்ந்துகொண்டன. கட்டெறும்பு வாயே திறக்கவில்லை.

மறுநாளும் வாசலில் ஒரு பூவரச இலை கிடந்தது. இன்னுமா இலை என்று ஓணான் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

முதல் எறும்பு தினையை வைத்துவிட்டு, "சேர்ந்தாச்சா?" என்று கேட்டது.

"இல்லை. இன்னும் இலையிலதான் இருக்கு."

அந்த எறும்பு கிளம்பவில்லை. காலை மண்ணில் ஊன்றி, இலையின் ஓரத்தைக் கவ்விக்கொண்டது. அடுத்து வந்ததும் பக்கத்தில் நின்று கவ்வியது.

அன்றைக்கும் காற்று வந்தது. இலை படபடத்தது. ஓர் எறும்பும் வாயைத் திறக்கவில்லை.