கோட்டுக்குக் கீழே

செண்பகவல்லியின் தோள் உயரத்துக்குச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. தினமும் பத்து முறை அதுவரை கையை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும்.

"அதுக்கு மேல போகாதீங்க. உங்க மூட்டெல்லாம் ரொம்ப இளக்கம். எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியாது," என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

பள்ளி ஆண்டுவிழாவில் பின்னால் வளைந்து குதிகாலைப் பிடித்துக் கைதட்டல் வாங்கிய உடம்பு. பாதியில் நிற்கச் சொன்னால் கேட்குமா? கோட்டைத் தொட்டதும் கை இன்னும் மேலே போகத் துடித்தது. நிறுத்தினாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. எரிச்சலோடு கீழே குனிந்தபோதுதான் பார்த்தாள், இடுப்பு உயரத்தில் கோணலாக இன்னொரு கோடு.

"யாருடி இதைப் போட்டது?"

"நான்தாம்மா. எனக்கு. எனக்கும் இங்க வலிக்குதுல்ல," என்றாள் ஏழு வயது மகள் தாரகை, தன் தோளைப் பிசைந்துகொண்டே.