உட்கார்ந்த கிளி

சித்தூர் துப்பாக்கி சுடும் ரேஞ்சின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்குகிறது. நாளைக்குப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். யசோதா சுட்ட ஐந்தும் அட்டையில் கருவட்டத்துக்கு இடப்பக்கமே விழுந்திருக்கின்றன. மாந்தோப்பில் பறந்து தப்பும் கிளிகளுக்கு உண்டிகோல் பிடித்துப் பழகிய கை அது, எப்போதும் கிளி போகும் பக்கம் கொஞ்சம் முன்னால்தான் குறி வைக்கும். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பிரமிளா, அவளைவிடப் பத்து வயது இளையவள், துப்பாக்கியை இறக்குகிறாள். "அட்டை எங்கியும் பறந்து பூடாதுக்கா. மூச்ச பாதி வுட்டுட்டு அப்டியே நில்லு." யசோதாவுக்குச் சுருக்கென்கிறது. ஆனாலும் மூச்சைப் பாதி விடுகிறாள். வெயிலில் மிதக்கும் தூசியும் நிற்கிறது. துப்பாக்கி முனைக்கு அப்பால், முப்பது வருஷமாகப் பறந்துகொண்டே இருந்த கிளி முதல்முறையாக வந்து கிளையில் உட்காருகிறது. அதைக் கலைத்துவிடாமல் விசையை அழுத்துகிறாள்.