தொட்டானா?

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோரி பையைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. புரூக்ளின் தெரு முழுவதும் ரொட்டி வாசனை. அவனுக்குப் பசிக்கவில்லை. அழுகையும் வரவில்லை.

"பேஸ்பால் டீமை விட்டு அனுப்பிட்டாங்கம்மா" என்றான்.

"ஒரே ஒரு ஆட்டத்துலயா?" அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

மேஜையில் ஊறிய மீன்துண்டைக் கடித்துக்கொண்டிருந்த ஃபைவல் மாமா சிரித்தார். "பின்னே? சனிக்கிழமை, ஓய்வுநாள். யூதன் வண்டி ஏறக்கூடாது, காசைத் தொடக்கூடாது. இவரு முகமூடி மாட்டிக்கிட்டு, மட்டைக்காரன் பின்னாடி குந்திப் பந்து பிடிக்கிறாரு! கை வழுக்காம என்னடா செய்யும்?"

"வழுக்கலை மாமா. ஓடி வந்தவன் தரையில பதிச்ச தட்டை மிதிக்கிறதுக்கு முன்னாடியே பந்தால அவன் முட்டியில தொட்டுட்டேன், அவன் அவுட்டு. அம்பயர் தொடலைன்னுட்டாரு. ஆட்டம் போச்சு."

"நீ தொட்டதை யாரு பார்த்தா?"

அரங்கில் இருந்தவர்கள் முதல், டிக்கெட் இல்லாமல் பின்னால் குன்றின்மேல் நின்ற கூட்டம் வரை எல்லோரும் மோரியைப் பார்த்துத்தான் கத்தினார்கள்.

மேனேஜரும் நம்பவில்லை. "தோத்தவன் எவனும் இதைத்தான் சொல்லுவான்" என்று சீருடையை வாங்கி வைத்துக்கொண்டார். விடிந்தபோது மோரிக்கே சந்தேகமாக இருந்தது. தொட்டோமா?

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து இருட்டோட ஜெபத்துக்குன்னு போனவருடா. திரும்பி வந்ததும் இருட்டினப்புறம்தான். காலெல்லாம் கொப்புளம். கேட்டா வாயைத் திறக்கலை."

"நம்ம ஜெபக்கூடத்துல ஆளைக் காணோமே" என்றார் மாமா. "வெட்கப்பட்டு வேற எங்கேயோ போய், பொழுதுக்கும் நின்னுக்கிட்டே உன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்காரு மனுஷன்."

மோரி துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் குந்தினான். கொப்புளங்கள் உடைந்து நீர் லேசாகச் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்கப்பா. ஓய்வுநாள்ல ஆடியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

அப்பா ஒரு காலை வெளியே எடுத்து அவன் மடியில் வைத்தார். முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆனா நீ தொட்டடா. குன்று மேல நின்ன எனக்கே தெரிஞ்சுது."