வெள்ளைக்காரன் செய்த குண்டு

“இந்தப் பலகையை இப்பவே கழட்டுங்க. இல்லேன்னா நானே கழட்டிடுவேன்!”

உலோமா போட்ட சத்தத்தில், போர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காப்பாளர் என்வோசு மட்டும் அசையவில்லை. வறுத்த கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் நடுவே தரையில் இருந்தது அந்த ஒக்புனிக்வே. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சாய்த்த வாளி வடிவக் குண்டு. இப்போது மருந்து இல்லாத வெறும் கூடு. பக்கத்தில் புதுப் பெயின்ட் மினுங்கும் பலகை: ‘வெளிநாட்டுக் கூலிப்படை நிபுணர்கள் தயாரித்தது.’

“இது எங்கப்பா செஞ்சது சார். மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒசொண்டு. சண்டைக்கு முன்னால ரயில்வேல இருந்தார். எதிரிங்க எல்லா வழியையும் அடைச்சப்ப, டிராக்டருக்கு இரும்புத் தகடு அடிச்சு கவச வண்டி ஆக்கினார். எண்ணெய் டிரம்மை அடுப்புல ஏத்தி பெட்ரோல் காய்ச்சினார். இதையும் அவர்தான் செஞ்சார். இப்ப உங்க பலகையைப் பார்த்துட்டு வந்த பசங்க, என் பையனை ஸ்கூல்ல ‘புளுகன் பேரன்’னு கூப்பிடறாங்க. அழுதுகிட்டு வந்து நிக்கறான் சார்!”

“சாட்சி வேணுமேம்மா?”

“கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் போன வாரம் உங்ககிட்ட வந்து சொன்னாங்களே!”

“கூட்டாளி விட்டுக் கொடுப்பானா? நீங்க மகள். அவங்க சிநேகிதங்க. வேண்டியவங்க சொல்றதெல்லாம் சாட்சி ஆகாது.” என்வோசு கடலைத் தோலை ஊதினார். “சரி, ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு பெரிய இன்ஜினியர், சண்டை முடிஞ்சதும் என்ன பண்ணினார்?”

உலோமாவின் குரல் இறங்கியது. “மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு கொட்டகை போட்டு, கால் போனவங்களுக்கு மரக்கால் செஞ்சார். சாகற வரைக்கும் அதுதான்.”

“ரயில்வேல திரும்பக் கூப்பிடலியா?”

“கூப்பிட்டாங்க. போகல.”

“ஏனாம்?”

“தெரியாது. கேட்டா வாயைத் திறக்க மாட்டார்.”

என்வோசு விழுந்து விழுந்து சிரித்தார். “இப்பவாவது புரியுதா? இதைச் செஞ்ச கை, கொட்டகையில உட்கார்ந்து மரம் செதுக்கிட்டு இருக்குமா? உங்கப்பா நல்ல தச்சர்மா. அதோட விட்டுடுங்க.”

இப்படியும் ஒரு மனிதன் பேசுவானா? அதுவும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன்! உலோமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“யோவ், மரியாதையாப் பேசு!”

குரல் சுவரோரத்துப் பெஞ்சிலிருந்து வந்தது. கேன்டீனுக்கு வெங்காயம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த கிழவர். தொளதொளவென்று அங்கி, மடியில் கைத்தடி. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தியிருந்தார்.

“உங்க வேலையைப் பாருங்க பெரியவரே.”

“பார்க்கறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டு வர்ற குண்டுக்குள்ள சைக்கிள் செயின் இருக்குமா? தையல் மிஷின் சக்கரம் இருக்குமா? வளைஞ்ச ஆணி இருக்குமா? வேற கதியில்லாம, ஊர்ல கிடைச்ச ஓட்டை உடைசலை எல்லாம் போட்டு அடைச்சாருய்யா அந்த மனுஷன்!”

கிழவர் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். சாவிகள் ஒரு சாண் சைக்கிள் செயினில் தொங்கின. கண்ணிகள் கருகி, நெளிந்திருந்தன.

“இது அந்தக் குண்டுக்குள்ள இருந்தது.”

என்வோசு ஒரு நொடி தடுமாறினார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “ஓஹோ! ஞாபகார்த்தமா வேற வெச்சிருக்கீங்களா? அப்ப நீங்களும் அந்தப் பட்டறை ஆள்தான். உங்க சாட்சியும் செல்லாது. போங்க, போங்க.”

கிழவர் தடியை ஊன்றி எழுந்தார். தாங்கிப் பிடிக்க ஓடிவந்த உலோமாவைக் கையமர்த்திவிட்டு, அடி அடியாக நடந்து என்வோசுவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“அந்தப் பட்டறை வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல. என் பேர் டாங்கோ. வடக்கேர்ந்து உங்களை அடக்க வந்த படையில நான் ஒரு சிப்பாய். இந்தச் செயின் என் தொடையிலேர்ந்து டாக்டர் பிடுங்கி எடுத்தது. என் காலை எடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியாதா? அதை எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க நீ யாருய்யா?”

என்வோசுவின் வாயில் கடலை அப்படியே நின்றது. “அது… அவர்தான் செஞ்சார்னு உங்களுக்கு எப்படி…?”

டாங்கோ அங்கியை முழங்காலுக்கு மேல் உயர்த்தி, கைத்தடியால் இடது காலைத் தட்டினார். ‘டொக், டொக்’ என்றது. சின்ன வயதில் கொட்டகையிலிருந்து நாளெல்லாம் கேட்ட சத்தம் அது. உலோமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சண்டை முடிஞ்சு, கால் வாங்க அந்தக் கொட்டகைக்குப் போனேன். எந்த ரோட்டுல அடிபட்டேன்னு கேட்டார். சொன்னேன். ‘அங்க வெச்சது நான் செஞ்சதுப்பா’ன்னு சொல்லிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார் உங்கப்பா. அப்புறம் கண்ணைத் துடைச்சிட்டு எழுந்து வந்து, இந்தக் காலுக்கு அளவெடுத்தார் மகளே.”