காண்ட்ராக்டரின் வலைத்தொட்டில்

"வாடகைக்கு வந்தவ உள்ளே காலை நீட்டிப் படுக்கறா. வீட்டுக்காரர் வெளியே பனியில நனையறார். ரொம்ப நல்லா இருக்கும்மா உன் நியாயம்!"

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது. தைக்கக் கொண்டுவந்த துணியைக் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தையல்காரிக்கு முகம் சுண்டிப் போனது. குடி வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். பேர் கெட்டுப் போனால் தைக்கத் துணி யார் கொடுப்பார்கள்?

வீட்டுக்காரர் காண்ட்ராக்டர். இந்த வீட்டையும் சேர்த்துத் தெருவில் முக்கால்வாசி வீடுகளைக் கட்டியவர். மனைவி போனபிறகு பின்பக்க அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அறையில் அவர் பெட்டி மட்டும்தான் குடியிருந்தது. அவர் படுப்பதெல்லாம் தோட்டத்துக் கோடியில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய வலைத்தொட்டிலில்தான்.

மேலே ஒரு தார்ப்பாய்கூடக் கிடையாது. தூறல் போட்டால் குடையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

பார்க்கச் சகிக்காமல் தையல்காரியின் கணவன் ஒரு தார்ப்பாய் வாங்கிவந்தான்.

"வேண்டாம்ப்பா. தலைக்கு மேல எது இருந்தாலும் எனக்கு மூச்சு முட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எங்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த புண்ணியவான். அவருக்கு ஒரு கூரை இல்லையே!" என்று டீச்சர் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

தையல்காரிக்கு ஊர்ப்பேச்சைவிட வேறொன்று உறுத்தியது.

விடிகாலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர் விழித்திருப்பார். வெட்டவெளியில் படுக்கிற மனுஷன் வானத்தைப் பார்க்க வேண்டும். இவர் ஒருக்களித்துப் படுத்து, கண் கொட்டாமல் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுடைய கைக்குழந்தை என்றால் அவருக்கு உயிர். தோட்டத்துக்குத் தூக்கிவந்தால் விழுந்து விழுந்து கொஞ்சுவார். அவள் குழந்தையோடு படியேறி உள்ளே போனால் போதும், அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

வீட்டுக்குள்ளும் எதுவோ சரியில்லை. ஆளில்லாத அறையிலிருந்து திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தையல் மெஷின்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். துடைத்தால் மறுநாளும் படியும்.

அன்று காலை தூளியில் தூங்கிய குழந்தையின் நெற்றியிலும் அந்தப் பொடி. யாரோ விரலால் தொட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"அவரோட சம்சாரம் இந்த வீட்டிலதான் உயிரை விட்டாங்களாம். அவங்கதான் இன்னும் நடமாடறாங்க போலிருக்கு" என்றாள் கணவனிடம்.

அவன் அச்சகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். "சும்மா நடமாடாம நாலு பாத்திரத்தைத் தேய்ச்சு வெச்சா உனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்!"

சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

"ஐயா, பெரிய மழையா வரும்போல இருக்கு. உள்ள வந்து படுங்க. உங்களால தெருவே என்னைக் காறித் துப்புது."

"எனக்கு இதுதாம்மா சுகம். காத்தாடப் படுத்துப் பழகிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. உங்க ரூமுக்குள்ளேயே நீங்க கால் வைக்கிறதில்ல. சட்டையைக்கூட ஜன்னல் வழியா குச்சியை விட்டுத்தான் எடுக்கறீங்க. நான் பார்த்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வலைக்கயிற்றை நெருடிக்கொண்டே கேட்டார்.

"குழந்தை எங்கே?"

"ஹால்ல. தூளியில தூங்குது."

"தூளியை எதில கட்டியிருக்கே?"

"மேல கூரையில கொக்கி இருக்குல்ல, அதுலதான்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று எழுந்து வலைத்தொட்டிலின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அப்பாடா, ஒருவழியாக மனசு இறங்கிவிட்டது, உள்ளே வரப்போகிறார் என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

அவர் அதைக் கொஞ்சம் தாழ்த்தி, மறுபடியும் மரத்திலேயே இறுக்கிக் கட்டினார். தன் போர்வையை நாலாக மடித்து அதில் விரித்தார். குடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"குழந்தையைத் தூக்கிட்டு வந்து இதுல போடு. ராத்திரி முழுக்க நான் குடை பிடிக்கிறேன்."

"மழையிலயா? பச்சைக் குழந்தையையா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"சொன்னாக் கேளும்மா. சீக்கிரம் போ."

அவர் பார்வை வீட்டைவிட்டு நகரவில்லை. அவளும் திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"அப்போ இருக்கு! உள்ள பேய் இருக்கு. அதான் நீங்க வரமாட்டேங்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க!"

முதல் துளி குடைமேல் விழுந்தது. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பேயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கூரையில நான் போட்டிருக்க வேண்டிய கம்பிதான் பாதி இல்ல."