புதன்கிழமை எலி

“பொறிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க நர்ஸம்மா. மனுஷ வாடை பட்டா எலி எட்டிக்கூடப் பார்க்காது.”

கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாக்கு போர்த்திய கம்பிப் பொறியை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வந்தார் எலிக்காரர்.

“எட்டு வாரமா இதையேதான் சொல்றீங்க. நானும் போகல, எலியும் தீரல” என்றார் நர்ஸம்மா.

எலிக்காரர் வேலையில் குறை சொல்ல முடியாது. வந்த முதல் வாரத்திலேயே கூட்டைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை அடித்தார். வளைகளில் கண்ணாடிச் சில்லைப் போட்டு சிமென்ட் பூசினார். தீவனத்தைத் தகர டிரம்மில் கொட்டி மூடச் சொன்னார். அன்றிலிருந்து ஒரு முட்டைகூட எலிக்குப் போகவில்லை.

ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் பொறி வைத்தால், வியாழன் காலையில் தவறாமல் ஒன்று மாட்டியிருக்கும். “ஒண்ணு மாட்டுதுன்னா இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம்” என்பார். அடுத்த புதனும் பொறியோடு வந்து நிற்பார்.

நர்ஸம்மா டீ கொண்டு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம், கணவர் போய் மூன்று வருஷம். வீட்டில் நான்கு நாற்காலிகள். மூன்றில் மடிக்காத துணி. நாலாவது நாற்காலியிலும் துணிதான் இருந்தது. அது எட்டு வாரத்துக்கு முன்னால் கட்டிலுக்குப் போய்விட்டது.

அந்த நாற்காலியில்தான் எலிக்காரர் உட்காருவார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை. டீ தீர்ந்த பிறகும் தம்ளரைக் கீழே வைக்க மாட்டார். வைத்தால் எழுந்திருக்க வேண்டுமே.

“உங்க ஹெட் நர்ஸ் எப்படி இருக்காங்க?”

கூட்டில் மூத்த கோழிக்கு அந்தப் பெயர்தான்.

“இன்னிக்கு முட்டை போடல. லீவு லெட்டரும் குடுக்கல.”

எலிக்காரர் சிரித்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

“என் தம்பி போன் பண்ணினான். எலியோட மல்லுக்கட்டிக்கிட்டு எதுக்குத் தனியாக் கிடக்கறேன்னு ஒரே சத்தம். நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரானாம். காலைல எலி மாட்டியிருந்தா கோழிங்களைக் குடுத்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு, அவனோட போயிடறதா சொல்லிட்டேன்.”

“மாட்டலைன்னா?”

“மாட்டலைன்னா எலி ஒழிஞ்சுதுன்னு அர்த்தம். இங்கேயே இருந்துக்கலாம்.”

எலிக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

“அப்படின்னா… பொறிய நான் எடுத்துட்டுப் போயிடறேன். ஸ்பிரிங் சரியில்ல.”

“சரியில்லாமதான் ஏழு எலி பிடிச்சுதா?”

“இல்ல, பக்கத்துத் தெருவுல அவசரமாக் கேட்டாங்க…”

“காலைல குடுத்துக்கலாம். இருக்கணுமா போகணுமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ல?”

எலிக்காரர் சைக்கிளை எடுத்தார். ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். தெரு முனைவரை கோழிக்கூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நர்ஸம்மா தம்ளரைக் கழுவப் பின்பக்கம் போனார். பொறிக்குள் மாட்டச் சொல்லி எலிக்காரரிடம் அவர் கொடுத்திருந்த கருவாட்டுத் துண்டு, பொட்டலம் பிரிக்காமல் துவைக்கிற கல்மேலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்து உள்ளே வைத்தார்.

காலையில் ஆறு மணி அடிக்குமுன்பே எலிக்காரர் மூச்சிரைக்க வந்தார். சத்தமில்லாமல் படலைத் திறந்து, கூட்டுக்குப் பின்னால் ஓடினார்.

அங்கே நர்ஸம்மா நின்றிருந்தார். சாக்கு அவர் கையில் மடித்து இருந்தது. பொறிக்குள் ஓர் எலி, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“மாட்டிக்கிச்சு” என்றார் நர்ஸம்மா.

“நர்ஸம்மா… நான் வந்து…”

போன் அடித்தது. பேசியது தம்பி. அவன் குரல் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“அக்கா, வண்டியில ஏறிட்டேன். என்ன ஆச்சு? மாட்டுச்சா?”

நர்ஸம்மா எலியைப் பார்த்தார். பிறகு எலிக்காரரைப் பார்த்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார் மனிதர். இரண்டு கண்ணும் சிவந்து, ராத்திரி முழுக்கத் தூங்காதவர் போல இருந்தார்.

“இல்லடா. பொறி காலி.”

“நிஜமாவா? நல்லாப் பார்த்தியா?”

“முப்பது வருஷம் நர்ஸா இருந்தவளுக்குப் பார்க்கத் தெரியாதா? இறங்கி வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டிய நான் கேட்டேன்னு சொல்லு.”

போனை வைத்தார். எலிக்காரர் தலையைக் குனிந்து நின்றார். ஹெட் நர்ஸ் மட்டும் கூட்டுக்குள்ளிருந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா சாக்கை உதறினார். குளிருகிற குழந்தைக்குப் போர்த்துவது போல அதைப் பொறிமேல் போர்த்தி, அவர் கையில் கொடுத்தார்.

“அடுத்த புதன்கிழமை, எலி வேணாம், நீங்க மட்டும் வாங்க.”