லோடு ஆகாத விண்கலம்

"கடையில காசு போட்டு ஆடின விண்கலச் சண்டை, வீட்டுக்கே வந்தும் லோடு ஆக மாட்டேங்குதே!" என்றார் கணவர், கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் விளையாட்டு பதிந்த கேசட்டை மறுபடியும் சுழலவிட்டபடி.

லோடு ஆகாமல் கேசட்டை மறுபடி மறுபடி ஓட்டும் அந்தப் பத்து நிமிடம்தான் மனைவியோடு பேச்சு. போன மாதம் ஒழுங்காக லோடு ஆனபோது, மனிதர் வாயே திறந்ததில்லை. ஆனாலும் அவர் முகவாட்டம் பொறுக்காமல், மறுநாள் அவளே மெக்கானிக்கை அழைத்தாள்.

"டேப் ரெக்கார்டர் வால்யூம் மூணுல இருக்கும்மா. ஏழுல இருந்தாத்தான் லோடு ஆகும்" என்று திருகி வைத்து, ஆடியும் காட்டிவிட்டுப் போனார் அவர்.

'என் பேச்சுக்கு இன்றோடு முழுக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் கணவரின் குரல் கேட்டது.

"சே, இன்னிக்கும் லோடு ஆகலை! சரி, உன் தங்கச்சி கதை பாதியில நிக்குதே, சொல்லு."

வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அவள் எட்டிப் பார்த்தாள். வால்யூம் மூன்றில் இருந்தது.

"அது பெரிய கதைங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.